நாலு தேய்ந்த செல்

டீயைக் குடி காசி, ஆறிவிடப் போகிறது. சர்க்கரை கம்மியாகத்தான் போடச் சொன்னேன். உன் தங்கை பாஞ்சாலையும் அப்படித்தான் குடிப்பாள்.

சாந்த் பாஷா உன்னிடம் வந்து சொல்லிவிட்டான் என்று தெரியும். பதினாறு வருஷம் என் குழுவில் கிதார் வாசித்தவன், ஆனாலும் வாய் நிற்காது. போகட்டும். அவன் அரைகுறையாகச் சொன்னதை நான் முழுசாகச் சொல்கிறேன்.

கல்யாண பேண்டில் கிளாரினெட் ஊதிக்கொண்டிருந்தவன் நான். 'ராமதாஸ் மெல்லிசைக் குழு' என்று போர்டு மாட்டி, ஆர்கன் வாங்கி, எழுபத்தாறில் மெட்ராஸுக்குப் போய் என் மெட்டில் நாலு பக்திப் பாட்டை இசைத்தட்டாகக் கொண்டுவந்தேன். ஒரு நாயும் கை கொடுக்கவில்லை. அந்தத் தட்டில் பாடியவள் உன் தங்கை. செங்கம் ரோட்டில் பூக்கட்டிக்கொண்டே முணுமுணுத்தவளை மைக் முன்னால் நிறுத்தியது யார், நீயா?

அப்புறம் என்ன ஆயிற்று? எண்பதில் ஆடித் திருவிழாவுக்குக் கச்சேரி பேச போளூர்க்காரர்கள் வந்தார்கள். என் வாசலில் நின்று என்னையே கேட்டார்கள்: "பாஞ்சாலை பார்ட்டி இங்கதானுங்களா?"

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுத்தேன். வயிறு எரிந்தது. அதை மறைக்க என்ன இருக்கிறது.

மறு வருஷம் மெட்ராஸிலிருந்து கடிதம் வந்தது. சினிமாவில் பாட அவளுக்குக் குரல் தேர்வு, மூன்று மாதம் கழித்து. என் விலாசத்துக்குத்தான் வந்தது. கிழித்துப் போட்டிருக்கலாம், ஆனால் அது அயோக்கியத்தனம். என் கையாலேயே அவளிடம் கொடுத்தேன். சடாரென்று காலில் விழுந்தாள்.

"நீங்கதான் மாஸ்டர் என்னைத் தயார் பண்ணணும்" என்று அழுதாள். தயார் பண்ணினேன்.

தினமும் காலையில் அவளைத் தனியாகப் பாடச் சொல்லி டேப்ரெகார்டரில் பதிவு செய்வேன். போட்டுக் காட்டும்போது மட்டும் பேட்டரி செல்லை மாற்றிவிடுவேன். செல் தீர்ந்தால் டேப் மெதுவாக ஓடும், குரல் இறங்கும், உனக்கே தெரியும். ரொம்பத் தீர்ந்தது ஆகாது, இழுவை கேட்டுவிடும். சுருதி அரைக்கட்டை மட்டும் இறங்குகிற மாதிரி நாலு தேய்ந்த செல்லைத் தேடிப் பிடித்தேன். கூடவே ஆர்கனில் சரியான சுருதியை அழுத்திக் காட்டுவேன்.

"இறங்கிடுது பாரும்மா" என்பேன். தன் காதை நம்பாமல் என்னை நம்பினாள்.

அரைக்கட்டை மேலே பழகினால் தேர்வு அன்றைக்குச் சரியாக நிற்கும் என்றேன். அடுத்த மாதம் ஒரு கட்டை. அதற்கடுத்து ஒன்றரை. நாலு மணி நேரம், நடுவில் ஓய்வு கிடையாது.

"மாஸ்டர், சுருதி ரொம்ப ஜாஸ்தி. பொண்ணு தொண்டை கிழிஞ்சிடும்" என்றான் சாந்த் பாஷா.

"உன் வேலையைப் பாருடா" என்றேன். பார்த்தான். அவனையும் ஒரு வார்த்தை கேள்.

எச்சிலில் ரத்தம் வந்த அன்று பயந்துபோனாள். தொண்டை திறக்கும்போது அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி, பாலில் பனங்கற்கண்டு போட்டுக் காய்ச்சிக் கொடுத்தேன். அக்கறை இல்லாதவன் இதெல்லாம் செய்வானா?

மெட்ராஸுக்கும் நானேதான் கூட்டிப்போனேன். ஸ்டுடியோவில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. திரும்பும் பஸ்ஸில் செஞ்சி தாண்டும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பேரைக் கெடுத்துட்டேன் மாஸ்டர்" என்று உதட்டை மட்டும் அசைத்தாள். நான் மன்னித்துவிட்டேன்.

இன்றைக்கு அவள் பூ விலையை விரல் நீட்டிச் சொல்கிறாள். அதைப் பார்த்துத்தானே உனக்கு ரத்தம் கொதிக்கிறது.

முறைக்காதே. குரல் போயிற்று, குரல் போயிற்று என்று ஊரெல்லாம் சொல்கிறாயே, எங்கே போயிற்று? முதல் நாள் டேப் இதோ. புது செல் போட்டிருக்கிறேன், கேள். ஓர் இடத்திலும் சுருதி இறங்காது. உன் தங்கை குரலைப் பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருப்பவன் நான்தான், காசி.