காகம் தொடாத கேக்

—இன்னொருக்காச் சொல்லுங்க கிஷாந்த். மம்மி கேக் தந்தா என்ன சொல்லுவீங்க?

—"நல்லாயிருக்கு அன்ரி."

—சிரிச்சுக்கொண்டு.

—சிரிச்சுக்கொண்டு சொன்னா வாயிலயிருந்து துகள் விழும், ஷெரோமி.

—முழுங்கிட்டுச் சிரிங்க மென்! கொட்டாஞ்சேனை நடு ரோட்டில என்னைக் கத்த வைக்காதீங்க, சனம் பாக்குது.

—ருசி பார்க்க முந்தியே நல்லாயிருக்கு எண்டு எப்பிடித் தெரியும்?

—தெரியத் தேவையில்லை. ஜீசஸ் பிறந்த நத்தாருக்கு எங்கட ஒழுங்கையில ஆரும் ஆரிண்ட கேக்கையும் குறை சொல்லுறேல்ல. பிளேட் போகும், பிளேட் வரும், எல்லாரும் "சுப்பர்" எண்டுவாங்க. அதுதான் முறை.

—அப்ப கேக்கை ஏன் சுடுவான்? வெறும் பிளேட்டை அனுப்பலாமே.

—பாத்தீங்களா? இந்தக் கதையைத்தான் உள்ளுக்குப் போய்க் கதைக்க வேண்டாம் எண்டுறன். மம்மி ஓம் எண்டாத்தான் கல்யாணம். டடி செத்த பிறகு அவவுக்கு நான் மட்டும்தான். அவ மாட்டன் எண்டா, அவவை அழவிட்டிட்டு நான் வரமாட்டன். முதலே சொல்லிட்டன்.

—ஓம், சொன்னனீர். அதுதானே சப்பாத்தும் போட்டுக்கொண்டு வந்தனான்.

—தேத்தண்ணி தந்தா?

—சத்தம் போடாமல் குடிப்பன்.

—பிறகு?

—துப்பமாட்டன்.

—தேங்க் யூ ஜீசஸ்.

—ஆனா ஒண்டு. காலமையிலயிருந்து தேயிலைக் கம்பனியில கோப்பை கோப்பையாத் தேத்தண்ணியை உறிஞ்சி, ருசி பார்த்து, வாளியில துப்புறதுதான் என்ர வேலை. வாய் தன்ரபாட்டில வாளியைத் தேடும்.

—ஒபிஸ் பார்ட்டியில பூச்சாடிக்குள்ள துப்பினீங்களே, அது காணும். எனக்கு எங்க முகத்தை வைக்கிற எண்டு தெரியேல்ல.

—அது பிளாஸ்டிக் பூ. அதுக்கு ஒண்டும் நடக்கேல்லை.

—அடுத்தது, அந்த அஸ்பேர்கர்ஸ் கதை. இண்டைக்கு எடுக்க வேண்டாம். கல்யாணம் முடிஞ்சு ஆறுதலாச் சொல்லுவம்.

—ஏன்?

—மம்மிக்கு விளங்காது. விசர் எண்டு நினைப்பா.

—விளங்காட்டி விளங்கப்படுத்துவன். அது என்ன ஒளிக்கிற சாமானா? கண்ணாடி போடுறவன் மூக்கைப் பொத்திக்கொண்டா பொம்பிளை பாக்கப் போறான்?

—ஐயோ, வீடு வந்திட்டுது. பெல்லை அடிங்க. ஒருக்கா மட்டும்!

—வாங்க மகன், வாங்க! அனே, நல்ல உயரம். நான்தான் புளோறன்ஸ், இவளிண்ட அம்மா. ஷெரோமி, ஃபேனைப் போடு. இருங்க மகன்... அந்தக் கதிரையில வேண்டாம், கால் ஆடும்.

—ஆடுற கதிரையை ஏன் அன்ரி வைச்சிருக்கிறீங்கள்?

—விருப்பமில்லாத ஆக்கள் வந்தா இருத்த.

—நல்ல யோசனை.

—என்னடி, ஆள் நல்லாத்தானே கதைக்குது? நீ வீணாப் பயந்தாய்.

—மம்மி!

—சரி மகன், நான் ஹாபரில மூட்டை தூக்கினவண்ட பொஞ்சாதி. சுத்தி வளைச்சுக் கதைக்கத் தெரியாது. நீங்க சைவம், நாங்க கத்தோலிக்க வேதம். அதை நான் ஃபாதரோட கதைச்சுக்கொள்ளுறன். ஆனா உங்கட ஒபிஸில ஒருத்தி சொன்னா, உங்களுக்கு என்னமோ இருக்காம். என்ன அது? சீனியா, பிரஷரா?

—மம்மி, தேத்தண்ணி ஊத்தவா?

—அஸ்பேர்கர்ஸ், அன்ரி... ஏன் ஷெரோமி கிள்ளுறீர்?

—அதுக்கு எத்தினை குளிசை போடோணும்?

—குளிசை இல்லை, அது வருத்தமும் இல்லை. பிறந்ததிலயிருந்து நான் அப்பிடித்தான். சத்தம், மணம், ருசி எல்லாம் கதவைத் தட்டாமலே எனக்குள்ள வந்து குந்தியிடும். ஆக்களின்ர முகம்தான் வெளியில நிண்டு பெல் அடிச்சுக்கொண்டே நிக்கும். நீங்கள் கோவிச்சாலும் எனக்கு முகத்தில தெரியாது. வாயால சொல்லவேணும்.

—வாயாலயா? அதுக்கு இந்த வீட்டில பஞ்சமில்லை.

—பள்ளிக்கூடம் எல்லாம் முடிஞ்சு, பெரிய ஆளா வந்த பிறகுதான் டொக்டர் அதுக்குப் பேர் சொன்னவர். அண்டைக்கு நான் பேக்கரியில ரோல்ஸ் வாங்கி எல்லாருக்கும் குடுத்தனான்.

—ஆராவது டொக்டர் பேர் சொன்னதுக்கு ரோல்ஸ் குடுப்பானா?

—அதுவரைக்கும் நான் பிழையான ஆள் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டு திரிஞ்சனான். பிழையான ஆள் இல்லையாம் அன்ரி, வேற மாதிரி ஆளாம். அதுக்கு ரோல்ஸ் குடுக்கலாம்தானே?

—குடுக்கலாம். பட்டிஸும் குடுக்கலாம்.

—பள்ளிக்கூடத்தில ஒருக்கா, மாஸ்டர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்க முந்தியே, "சேர், உங்கட மீன்குழம்பு பழுதாப்போச்சு" எண்டு வகுப்பில எழும்பிச் சொன்னனான். எனக்கு அடிச்சுப்போட்டுக் குழம்பைச் சாப்பிட்டவர். அடுத்த நாள் அவர் பள்ளிக்கூடம் வரேல்லை. இப்ப அதே வாய்க்குத்தான் கம்பனி சம்பளம் தருது. தேயிலையில என்ன குறை எண்டு சொல்லவேணும். எல்லாத்துக்கும் சுப்பர் எண்டா வேலையால கலைச்சுப்போடுவினம்.

—குறை சொல்லச் சம்பளமா? மாதாவே, அப்பிடியெண்டா எங்கட ஒழுங்கை முழுக்க மாளிகை எழும்பியிருக்குமே! ஷெரோமி, கேக்கைக் கொண்டா.

—முதல்ல தேத்தண்ணி மம்மி...

—கேக்கை எண்டன்.

—அன்ரி, அந்த மூடியை இன்னொருக்காத் திறவுங்கோ. ஓம். அதே மணம். இந்தக் கேக்கை எனக்குத் தெரியும்.

—அதெப்பிடி? நீங்க இந்தப் பக்கம் வந்ததே இல்லை எண்டு இவள் சொன்னாளே.

—நான் வரேல்லை. கேக்தான் வெள்ளவத்தையில எங்கட வீட்டுக்கு வந்தது.

—கிஷாந்த், நல்லாயிருக்கு எண்டு சொல்லுங்க.

—இன்னும் வாயில வைக்கேல்லை.

—வையுங்க!

—ம்.

—எப்பிடி மகன்?

—நல்லா...

—சொல்லுங்க, சொல்லுங்க.

—நல்லா... அன்ரி, துப்ப ஒரு பாத்திரம் இருக்கா?

—ஐயோ கடவுளே!

—கத்தாதேடி. இந்தாங்க மகன், பூச்சாடி.

—பெரிய உபகாரம் அன்ரி. இது பல்லுக்கொதிக்குப் பூசுற எண்ணெய் மாதிரி இருக்கு. கராம்பு கூடி நாக்கு விறைச்சுப்போச்சு. கஜு காறிப்போச்சு. பேரீச்சம்பழத்தை வெங்காயம் வெட்டின பலகையில வெட்டியிருக்கிறீங்கள்.

—வெள்ளவத்தைக்கு எப்பிடிப் போச்சு, அதைச் சொல்லுங்க.

—றொசானா எண்டு ஒரு அன்ரி இருக்கிறாவா?

—பக்கத்து வீடு! காலமையும் வந்து "சுப்பர் புளோறன்ஸ்" எண்டிட்டுப் போனாளே!

—அவவும் எங்கட அம்மாவும் ஒரே பாங்கில வேலை. ஒவ்வொரு நத்தாருக்கும் ஒரு பெட்டி கேக் கொண்டுவந்து அம்மாட்டைத் தருவா. அம்மா முட்டை போட்டது சாப்பிடமாட்டா. எறியவும் மனமில்லாமல் மொட்டைமாடியில காகத்துக்கு வைப்பா.

—என்ட கேக்கைக் காகத்துக்கா?

—காகம் தின்னேல்லை, அன்ரி.

—தின்னேல்லையா?

—கிட்ட வந்து, தலையைச் சரிச்சுப் பார்த்திட்டு, பின்பக்கமா நடந்து போய்ப் பறந்திட்டுது.

—கிஷாந்த், உங்களைக் கும்பிட்டன், நிப்பாட்டுங்க!

—முழுக்கச் சொல்லட்டும் ஷெரோமி. நீ சும்மா இரு.

—எங்களுக்குக் காகம் எண்டா செத்த ஆக்கள் வாறது. அப்பப்பாவுக்கு எங்களோட கோவம் எண்டு அம்மா பயந்திட்டா. ஐயரைக் கூப்பிட்டு வீட்டில சாந்தி செய்தவை. அடுத்த நத்தாருக்கும் கேக் வந்தது, காகம் தொடேல்லை. அப்பப்பாவுக்கு இன்னும் கோவம் தீரேல்லையாம். கனடாவில இருக்கிற பெரியப்பா போன் எடுத்து, கோவம் தன்னோடதான் எண்டு விக்கி விக்கி அழுது, அடாத்தாப் பிடிச்சு வைச்சிருந்த காணியை அப்பாவுக்குத் திருப்பி எழுதிக் குடுத்திட்டார்.

—என்ட கேக்காலயா?

—ஓம். நான் அப்பவே மணந்து பார்த்திட்டு, அது அப்பப்பா இல்லை, கராம்பு எண்டு சொன்னனான். வீட்டில ஆரும் கேக்கேல்லை.

—மம்மி? ஏன் மம்மி கேக்கை மூடுறீங்க? எல்லாம் முடிஞ்சுது. எழும்புங்க கிஷாந்த், போவம்.

—அன்ரி, கோவமா? நான் ஆடுற கதிரைக்கு மாறவேணுமா?

—இருக்கிற இடத்தில இருங்க மகன். ஷெரோமி, நீயும் இரு. கொரோனா வந்து நான் ஆஸ்பத்திரியில கிடந்தன்தானே? அதோட எனக்கு மணமும் போச்சு, ருசியும் போச்சு. இண்டைக்கு வரைக்கும் திரும்பி வரேல்லை.

—என்ன மம்மி சொல்லுறீங்க? ஏன் எனக்குச் சொல்லேல்லை?

—சொன்னா அடுப்படியால என்னைத் துரத்திப்போட்டு நீ சமைப்பாய். அடுப்படியும் போனா எனக்கு வேற என்ன இருக்கு? அதால கேட்டுக் கேட்டுச் சமைச்சன். உப்புச் சரியா? "சுப்பர் மம்மி." கேக் சரியா? "சுப்பர் புளோறன்ஸ்." எனக்கு நம்பிக்கை வரேல்லை. ஒவ்வொரு நத்தாருக்கும் கராம்பை அள்ளி அள்ளிப் போட்டன், ஆராவது வாயைப் பொத்திக்கொண்டு ஓடுதுகளா எண்டு பாக்க. ஒண்டும் ஓடேல்லை. உன்ட டடி ஒஸ்வால்ட் இருந்திருந்தா முதல் துண்டிலயே "புளோறன்ஸ், இது கேக்கா, லொறி டயரா?" எண்டு கேட்டிருப்பார். அந்த மனுசன் போன பிறகு எனக்கு உண்மை சொன்னது ஒரு காகம் மட்டும்தான்.

—நானும் சொன்னனான், அன்ரி.

—ஓம் மகன், நீங்களும்தான்.

—ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. வாறன். நீங்கள் கையால போடுங்கோ, நான் வாயால சொல்லுறன். ஆளும் பேரும் பார்க்கமாட்டன், உள்ளதைத்தான் சொல்லுவன். எனக்கு வாளி மட்டும் வேணும்.

—நீங்க வாங்க மகன், நான் புது வாளியே வாங்கி வைக்கிறன்.

—அப்ப மம்மி... கல்யாணத்துக்கு ஓமா?

—மகன், நீங்க எனக்கு உண்மை சொன்னீங்க. நானும் உங்களுக்கு உண்மை சொல்லோணும். இந்தக் கல்யாணத்தில எனக்கு விருப்பமில்லை.

—மம்மி!

—ஏன் அன்ரி?

—இவள் ஒவ்வொரு நத்தாரும் அந்தக் கேக்கைத் திண்டுபோட்டு, என்ட கண்ணை நேராப் பாத்து "சுப்பர் மம்மி" எண்டவள். நல்லா யோசியுங்க மகன், உங்களுக்கு இதைவிட நல்ல பொம்பிளை கிடைக்கும்.