படியேறும் அணியின் தலைவர்

திருத்தணியில் முகூர்த்தம் இல்லாத நாட்களில் மண்டபம் சுலபமாகக் கிடைக்கும். மொழியாசிரியர் மாநாட்டை ஆடிக் கிருத்திகைக் கூட்டம் கலைந்த பிறகு வைக்கச் சொன்னவன் நான்தான். கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு நைட் ஷிப்ட் பார்ப்பவனிடம் இந்த வேலை ஏன் வந்தது என்றால், ஆசிரியர்களுக்குப் பேசத்தான் தெரியும். எண்பது பேர் வந்தார்கள். பந்தியில் இடம்பிடிக்க முட்டிக்கொண்டார்கள்.

இரண்டாம் நாள் காலை மலைக்கோயில். முடிந்தவர்கள் படியில், முடியாதவர்கள் வேனில்.

சிவப்பிரகாசம் சார் முந்தின நாளே என்னிடம் வந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"தம்பி, நெஞ்சுல ஆபரேஷன் ஆயிகீது. படியே ஏறக்கூடாதுன்ட்டார் டாக்டர். வேன்ல எழுதிக்கப்பா." பையைத் திறந்து, நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரையையும் காட்டினார்.

"ஆங், எழுதிட்டேன் சார்."

காலையில் படியடியில் மைக்கை எடுத்தேன். படியேறும் அணிக்குச் சிவப்பிரகாசம் ஐயா தலைமை தாங்குவார் என்று அறிவித்து, பொன்னாடையும் போர்த்தினேன். எல்லோரும் கைதட்டினார்கள். தோளில் பொன்னாடை விழுந்துவிட்டால் இவர்களுக்கு மறுக்க வராது.

"இன்னாப்பா இது?" என்றார் மெல்ல.

"எல்லாரும் பாத்துகினு கீறாங்க சார்."

பள்ளிப்பட்டு கல்பனா டீச்சர் மட்டும், "சார், பேசாம வேன்ல போங்க. யாரு இன்னா சொல்லப்போறாங்க?" என்றார்.

"முருகன் ஏத்திடுவான்மா. நீ மூச்சு வாங்காம வந்து சேரு, போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சுமையாக இருக்கும் என்று சொல்லிப் பையை நான் வாங்கிக்கொண்டேன். வேனில் அவருக்கு எழுதியிருந்த முன் சீட்டில் உட்கார்ந்து, அதை மடியில் வைத்துக்கொண்டேன்.

பாதி மலையில் போன் அடித்தது. கல்பனா டீச்சர். மூன்று முறை அடித்தது. எடுக்கவில்லை. சிக்னல் இல்லை என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். இருந்தது.

நூற்றெண்பதாவது படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம்.

மாலை அமர்வுக்கு இரங்கல் தீர்மானம் எழுதிக் கொடுத்தேன். உருக்கமாக இருக்கிறது என்றார்கள். அதன் பிறகு தேநீருக்கும் பக்கோடாவுக்கும் போனார்கள்.

அவரிடம் படித்தாயா என்று கேட்கிறீர்கள். படித்தேன், பன்னிரண்டாம் வகுப்பில். நான் எழுதிய கட்டுரையை உரக்க வாசித்தார். புதன்கிழமை, மூன்றாம் பாடவேளை. நாற்பத்திரண்டு பேர் சிரித்தார்கள். ஜன்னலோரம் இருந்த விஜயன் இரண்டு முறை சிரித்தான். அதையெல்லாம் நான் அன்றைக்கே மறந்துவிட்டேன்.