முற்றும் என்று போட்டது

நீளமான மாயக்கதைகள் படிக்கிறவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. அடுத்த பாகம் கைக்கு வருவதற்குள், யார் யாருக்கு மகன், எந்த வாள் யாரிடம் போனது என்பதெல்லாம் மறந்துவிடும். அவர்களுக்காகவே இணையத்தில் முன்கதைச் சுருக்கம் போடும் தளங்கள் இருக்கின்றன. அப்படி ஒன்றை நான் நடத்தினேன். அங்கே என் பெயர் வழிப்போக்கன்.

தொடங்கியது அக்காவுக்காகத்தான். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு அவளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். ஊசி ஏறிய கையோடு தடித்த புத்தகத்தைப் பிடிக்க முடியாது. கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கிச் சுருக்கத்தைப் படிப்பாள். எழுதுவது நான் என்று அவளுக்குத் தெரியாது.

"இந்த வழிப்போக்கன் எவ்வளவு அழகா சொல்றான் பாரு. நீயும் பேசறியே, தொண்டையில ஏதோ அடைச்ச மாதிரி."

"அப்போ அவனையே கூப்பிட்டு உன் துணியைத் துவைக்கச் சொல்லு."

"வருவான்டா. உன்னை மாதிரி முனகாம துவைப்பான்."

ஊசி இறங்கும்போது கண்ணை மூடிக்கொள்வாள். "கதை முடியற வரைக்கும் பொறுத்துக்கறேன். ராணி திரும்பி வர்றதைப் பாத்துட்டா போதும். அப்புறம் இந்த மெஷின் பக்கமே வர மாட்டேன்." மருத்துவரிடமும் இதையே சொல்லியிருந்தாள்.

நான் முனகியது உண்மை. அவளைத் தூக்கித் தூக்கி என் முதுகு போயிருந்தது. வேலையை விட்டிருந்தேன். குறையாகச் சொல்லவில்லை, நிலைமையைச் சொல்கிறேன்.

அவள் படித்துவந்த அந்த ராணி கதையின் ஏழாம் பாகம் வந்தது. ராணி நடுக்கடலில், படகில் இருந்தாள். இன்னும் இரண்டு பாகங்கள் வரும் என்று கடைசிப் பக்கத்தில் அச்சிட்டிருந்தார்கள். நான் சுருக்கம் எழுதினேன். படகு கரைசேர்ந்தது, ராணி அரியணை ஏறினாள் என்று ஒரு பத்தி கூடுதலாகச் சேர்த்தேன். என் பதிவுகள் எல்லாம் 'தொடரும்' என்று முடியும். இதில் 'முற்றும்' என்று போட்டேன். அந்தப் பக்கம் அவள் கைபேசியில் மட்டும் தெரியும்படி செய்தேன். மற்ற வாசகர்களை ஏமாற்றுவது முறையல்ல.

படித்துவிட்டு அழுதாள். "வந்துட்டாடா," என்றாள். அடுத்த டயாலிசிஸுக்குக் கிளம்ப மறுத்துவிட்டாள். மருத்துவர் என்னைத் தனியாக அழைத்து, பேசிப் பாருங்கள் என்றார். அவள் விருப்பத்தை மதிக்க வேண்டும் என்றேன். அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அடுத்த வாரம் அக்கா இறந்துபோனாள்.

இப்போதும் நான் தட்டச்சு செய்தால், பக்கத்து அறையில் யாரோ வாய்க்குள் படிக்கும் சத்தம் கேட்கிறது. வாக்கியத்தின் நடுவில் விரலை நிறுத்தினால் அதுவும் நின்று காத்திருக்கிறது.

அந்தப் பக்கத்தின் கீழே அக்கா போட்ட பின்னூட்டத்தைப் பற்றியும் சொல்கிறேன். கிளம்ப மறுத்த அன்று மாலை அவள் வழிப்போக்கனுக்கு எழுதினாள். "ஐயா, இதுக்கு மேல ஏதாச்சும் பாகம் வருமா? வரும்னா நாளைக்கே மெஷினுக்குப் போயிடுவேன். தம்பிகிட்ட கேக்க சங்கடமா இருக்கு. பாவம், ரொம்பக் களைச்சுட்டான்."

அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தியதைச் சமையலறையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "வராது அம்மா. நிம்மதியாக இருங்கள்," என்று அங்கிருந்தே பதில் போட்டேன்.

அவள் கேட்டது வழிப்போக்கனிடம். என்னிடம் கேட்டிருந்தால் நான் பொய் சொல்லியிருக்க மாட்டேன்.