இழுத்து வந்த படகு

அவைக்குத் தலைமையேற்று எங்களுக்கு அரணாய் நிற்கும் அம்மையார் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே, மடியில் பிள்ளையும் மனத்தில் பொறுமையுமாய் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, இடமில்லாமல் சுவரோரம் சாய்ந்து நிற்கும் தோழர்களே, கண்காட்சிப் பொறுப்பாளராக உங்கள் முன் கைகூப்புகிறேன்.

மழைக்காட்டுப் பகுதியின் இன்றைய ஓவியங்களை இத்தனை நாளும் உங்களுக்குச் சுற்றிக்காட்டியவள் நான். என் தொண்டை கட்டியிருப்பதற்கு நீங்கள்தான் காரணம். சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். இந்த நிறைவு நாளில் ஓர் ஓவியரைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு அமர்கிறேன்.

ஊரார் அவரைப் படகுக்காரி என்றுதான் அழைப்பார்கள். ஆற்றில் ஆளேற்றிப் படகோட்டுவார். கரையேறினால் தூரிகை எடுப்பார். திறப்பு விழாவுக்கு முதல்நாள் காலை, சுருட்டிய துணி ஓவியங்களைத் தோளில் சுமந்துகொண்டு இந்தக் கூடத்துக்கு வந்தார். வாசலில் என்ன கண்டார்? பிளாஸ்டிக் கொடிகள். பிளாஸ்டிக் இலைகள். ஒலிபெருக்கியில் பறவைக் கூச்சல். எல்லாம் இந்தக் கூடத்தின் மேலாளர் செய்த ஏற்பாடு. அந்த மேலாளர் என் சொந்த அண்ணன். அதோ இருக்கிறார். தலையைக் குனியாதே அண்ணா, உன்னைத் திட்டப் போவதில்லை.

“இதெல்லாம் எதுக்குங்க?” என்று கேட்டார் படகுக்காரி.

“காட்டுக்குள்ள நுழையிற மாதிரி இருக்கும்மா. ஜனங்களுக்குப் பிடிக்கும்.”

“என் படத்துல டிராக்டர் இருக்கு, செல்போன் டவர் இருக்கு. குருவிச் சத்தம் கேட்டுட்டு உள்ள வர்றவங்க ஏமாந்துதான் போவாங்க. இதை எடுத்துடுங்க. இல்லன்னா நான் என் படத்தை எடுத்துட்டுப் போயிடுறேன்.”

அண்ணன் என்னைத் தனியே அழைத்தார். “வாசல் வெறிச்சுன்னு கிடந்தா யாரு வருவா? போறாங்கன்னா போகட்டும், மத்தவங்க படம் இருக்குல்ல?”

கூட்டம் வராவிட்டால் பழி என் தலையில்தான் விழும். ஆனால் அங்கே வாழ்கிறவர்களின் வாழ்க்கையை வாசல் அலங்காரத்துக்கு அடகு வைக்கலாமா?

“அவங்க போனா நானும் போறேன்ணா” என்றேன்.

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் ஏணி போட்டு ஏறி, அத்தனை கொடியையும் அவரே அவிழ்த்தார். இந்தக் கைதட்டல் அவருக்கு உரியது.

மறுநாள் முதல் குழுவை அழைத்துச் சென்றேன். படகுக்காரியின் பெரிய ஓவியத்தின் முன் நின்றோம். கணுக்காலளவு தண்ணீர் ஓடும் ஆறு. தரைதட்டிய படகு. கயிற்றைத் தோளில் போட்டு அதை இழுக்கும் பெண்கள். படகுக்குள் பலகையைப் பற்றியபடி நிறைமாத கர்ப்பிணி. பின்னால் மொட்டை மலை; அதில் ஒரு டிராக்டர். குழுவில் ஓர் அம்மா கண்ணைத் துடைத்தார். “பாவம், இந்தப் பொண்ணு பொழைச்சிருக்க மாட்டா.”

அதுவரை பின்னால் நின்றிருந்த படகுக்காரி முன்னே வந்தார். “பொழைச்சிட்டாம்மா. என் தங்கச்சிதான். அவ பையன் இப்ப என்னையே அதட்டுறான்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “நாங்க அழுதுக்கிட்டு இழுக்கல, திட்டிக்கிட்டே இழுத்தோம். யாரைத் திட்டினோம்னு கேளுங்க.”

குழுவில் இருந்த ஒரு மரச்சாமான் கடைக்காரர் மெல்லக் கேட்டார். “யாரைம்மா?”

“மேல காட்டை வெட்டினவங்களை. மழைக்கு மண்ணு சரிஞ்சு ஆறே மேடாயிடுச்சு. வெட்டின மரம் எங்க போச்சுன்னு எங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமாண்ணே?”

கடைக்காரர் அந்தக் கேள்வியை இங்கேயே விட்டுவிட்டுப் போகவில்லை. விட்டிருந்தால் நானும் இன்று இதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். நேரே தன் மர வியாபாரியிடம் போய், சரக்கு எந்தக் காட்டிலிருந்து வருகிறது என்று கேட்டிருக்கிறார். “மரம் நல்லா இருக்கான்னு பாருங்க, ஊரு பேரு எதுக்கு?” என்றாராம் வியாபாரி.

அடுத்த வாரம் கடைக்காரர் மனைவியோடு இங்கே வந்தார். “சொல்ல மாட்டேங்குறாரும்மா. அந்த மரம் இனி நம்ம கடைக்கு வேணாம்னு நிறுத்திட்டேன்.”

“இவரு பாட்டுக்கு நிறுத்திட்டாரு, கடையை யாரு ஓட்டுறது?” என்றார் மனைவி.

“எந்தக் காடுன்னு சொல்றவங்ககிட்ட வாங்குவேன். கிடைக்கிற வரைக்கும் பழைய மேசை நாற்காலியச் சரிபண்ணிக் கொடுப்பேன்.”

அன்பர்களே, கண்ணீர் காட்டைக் காக்குமா? கைதட்டல் மண்ணைத் தாங்குமா? ஐயோ பாவம் என்ற சொல் ஆற்றை ஆழமாக்குமா? ஆக்காது. ஆகவே கேட்போம். கதவு வாங்கும்போது கேட்போம், கட்டில் வாங்கும்போது கேட்போம், பதில் வரும்வரை கேட்போம். சலிப்பார்கள், கேட்போம். சினப்பார்கள், அப்போதும் கேட்போம். நம் ஊர் மரக்கடைத் தெருவில் இதுவரை கேட்டவர் ஒரே ஒருவர். போதுமா? போதாது.

நாளை இந்தச் சுவர்கள் வெறுமையாகும். ஆனால் ஓவியங்கள் பெட்டிக்குள் போகப்போவதில்லை. அந்தக் கடைக்காரர் தம் கிடங்கை ஒழித்துக் கொடுத்துவிட்டார். தலைவர் அம்மையாரும் இசைந்துவிட்டார். வரும் வாரம் இதே படங்கள் மரக்கடைத் தெருவின் நடுவில் தொங்கும். கடை கடையாக ஏறி நானே அழைத்திருக்கிறேன். சிலர் பார்க்கலாம் என்றார்கள். “வர்றேம்மா, சண்டை போட வர்றேன்” என்றார் அந்த மர வியாபாரி. வரட்டும். அவருக்கு என் பக்கத்திலேயே இடம் வைத்திருக்கிறேன். தொண்டை எப்படியிருந்தாலும் அவருக்கு எல்லாப் படத்தையும் காட்டாமல் விடமாட்டேன்.

பொறுமையோடு செவிகொடுத்த உங்களுக்கு நெஞ்சார்ந்த நன்றி. கிடங்கு வாசலில் காத்திருப்பேன். வணக்கம்.