இரண்டு அங்குல நரம்பு

அதிகாலை ஐந்தரை மணி. மருத்துவக் கல்லூரி விடுதியிலிருந்து, பிணத்தை அறுத்துப் படிக்கும் டிசெக்‌ஷன் ஹாலுக்குப் போகும் சாலையில் ஈ காக்கை இல்லை. பாதி விளக்குகள் எரியவில்லை. மீதி விளக்குகள் எரிவதும் அணைவதுமாக... அந்தச் சாலையில் ஒரு பெண் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலில் நடந்து போகிறாள். சத்தம் கேட்கக் கூடாது. ஒருவனைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறாள்.

கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். நடுவில் யாராவது சிரித்தால் எழுந்து போய்விடுவேன், சொல்லிவிட்டேன். இது நான் இட்டுக்கட்டியது இல்லை. என்னோடு வேலை பார்க்கிறவனின் அத்தை மகளுக்கு நடந்தது. அவளைக் கட்டிக்கொள்ள அவனுக்குக் கொள்ளை ஆசை, அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அது வேறு கதை. ஆறு வயதிலேயே வீட்டில் அவளுக்கு டாக்டரம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் மூன்றாவது தடவை பரீட்சை எழுதித்தான் இடம் கிடைத்தது. நடுவில் இரண்டு வருஷம், "என்ன டாக்டரம்மா, எப்ப ஊசி போடப் போறீங்க" என்று கேட்டுக் கேட்டே சொந்தக்காரர்கள் அவளைக் கரித்துக் கொட்டியிருக்கிறார்கள். இந்த இடமும் போனால் வீட்டு வாசலை மிதிக்கவே மாட்டேன் என்று முடிவு செய்துதான் பெட்டி கட்டினாள்.

முதல் நாள் ஹாலுக்குள் நுழைந்ததும் கண் எரிந்தது. பிணம் கெடாமலிருக்க ஊற்றும் ஃபார்மலின் வாடை. நாலு வெங்காயத்தை மூக்கடியில் உரித்த மாதிரி எரிச்சல், தொண்டையில் ஒரு கசப்பு. வரிசையாக ஸ்டீல் மேசைகள். மேசைக்கு இரண்டு பேர். அவளுக்கு ஜோடியாக வந்தவன் தடித்த கண்ணாடிக்காரன், எல்லோரும் அவனை சோடாபுட்டி என்றார்கள். அவர்கள் மேசையில் ஒரு நடுவயதுப் பெண். முகம் மூடியிருந்தது. கை சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் இரண்டு கையிலும் ஈரத்துணி சுற்றியிருந்தது.

கத்தியைத் தொடுவதற்கு முன்னால் பேராசிரியை ஒரே ஒரு விதி சொன்னார். சத்தம் போடாமல்தான் சொன்னார்.

"இவங்க உடம்பை முழுசா குடுத்திருக்காங்க. முழுசாத்தான் திரும்பிப் போகணும். ஒரு நகத்துணுக்கு இந்த ஹாலை விட்டு வெளிய போனாலும், கொண்டுபோன ஆள் மறுநாள் இங்க வர வேண்டாம்."

ஒவ்வொரு மேசைக்கு அடியிலும் மூடி போட்ட ஒரு வாளி. வெட்டி எடுக்கும் தோல், கொழுப்பு எல்லாம் அந்த மேசை வாளிக்குத்தான் போக வேண்டும். பக்கத்து மேசை வாளியில் போடக் கூடாது. பேராசிரியை வாளிக்குள்ளே குறடு, அதான் ஃபோர்செப்ஸ், விட்டுக் கிளறிப் பார்ப்பாராம், தெரியாமல் எதை வெட்டித் தள்ளியிருக்கிறார்கள் என்று.

முதல் வேலை, வலது புறங்கைத் தோலை உரிப்பது. தோலுக்கு அடியில் மஞ்சள் கொழுப்பு, அதற்குள் தையல் நூல் மாதிரி ஒரு நரம்பு ஓடும். மணிக்கட்டிலிருந்து கட்டைவிரல் பக்கம் போகும். புதிதாகக் கை வைக்கிறவர்கள் அதைக் கொழுப்போடு சேர்த்துச் சுரண்டிவிடுவார்கள். டாக்டரம்மாவும் சுரண்டினாள். குறட்டு நுனியில் இரண்டு அங்குலம் தொங்கியபோதுதான் அது நரம்பு என்று உறைத்தது.

வெட்டினதற்கு ஒரு திட்டு விழுந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் பேராசிரியை இரண்டு மேசை தள்ளி வந்துகொண்டிருந்தார். டிஷ்யூ தாளில் நரம்பைச் சுற்றி நாலாக மடித்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். போகும்போது வாளியில் போட்டுவிடலாம் என்று நினைத்தாள். மணி அடித்ததும் கூட்டத்தோடு வெளியே வந்துவிட்டாள். விடுதி அறையில்தான் ஞாபகம் வந்தது. பையில் கை விட்டாள். தாள் இருந்தது. நாலாக மடித்தது மடித்தபடி இருந்தது. ஈரமாகவும் இருந்தது.

உள்ளே நரம்பு இல்லை...

அன்றிலிருந்து பிடித்தது சந்தேகப் பிசாசு. சோடாபுட்டி எடுத்திருப்பான். எதிரில் நின்றவன் அவன்தானே, பார்க்காமலா இருந்திருப்பான். போட்டுக் கொடுக்கச் சமயம் பார்க்கிறான். அதற்கேற்ற மாதிரி அவனும் அவள் கையையே உற்று உற்றுப் பார்த்தான். மறுநாள் காலை மேசையில் கிடந்த பெண்ணின் வலது கைத் துணி அவிழ்ந்து கிடந்தது. இவள் இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு வந்தாள். அடுத்த நாள் முடிச்சு இருந்தது, ஆனால் அது அவள் போட்ட முடிச்சு இல்லை. அட்டெண்டரிடம் யார் உள்ளே வந்தது என்று நைசாகக் கேட்டாள். சாவி என் இடுப்பை விட்டு இறங்குவதில்லை என்று சொல்லிவிட்டு, அந்த மனிதர் இவளையே ஒரு மாதிரி பார்த்தார். இவளுக்குச் சோறு இறங்கவில்லை. யார் பேசினாலும் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தோன்றியது.

அதனால்தான் ஐந்தாம் நாள், ஐந்தரை மணிக்கு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஹால் கதவில் பூட்டுத் தொங்கியது. ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் வெள்ளைப் பெயின்ட். ஓர் ஓரத்தில் மட்டும் பெயின்ட் உரிந்து காசு அளவுக்கு ஒரு ஓட்டை. கண்ணை வைத்தாள். இருட்டு. அவர்கள் மேசையின் விளிம்பும், அவிழ்ந்து தொங்கும் துணியும் மட்டும் மங்கலாகத் தெரிந்தன.

டிங்...

குறடு ஸ்டீல் தட்டில் படும் சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. துணியின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. பிறகு மறுபடியும்... டிங்.

மாட்டினான் என்று நினைத்தாள். உதட்டைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்து மெதுவாகச் சொன்னாள்.

"நீதான்னு தெரியும். எடுத்தத குடுத்துடு."

சத்தம் நின்றது. அடுத்த நொடி அவள் வலது கைக்குள்ளே ஏதோ இழுத்தது. வலி இல்லை. பாவாடை நாடாவை உருவுகிற மாதிரி, மணிக்கட்டிலிருந்து கட்டைவிரல் வரைக்கும்... நிதானமாக... அவசரமே இல்லாமல்.

பின்னால் காலடி கேட்டது. திரும்பினாள். சோடாபுட்டி நின்றுகொண்டிருந்தான். அவன் கையிலும் செருப்பு.

"நீ வெளிய இருக்கியா?" என்றான். "அப்போ உள்ள யாரு?"

அவன் இவளைச் சந்தேகப்பட்டிருக்கிறான். திருட்டுத்தனமாக வந்து பயிற்சி எடுக்கிறாள், தினமும் துணியை அவிழ்ப்பது இவள்தான் என்று பிடிக்க வந்திருக்கிறான். நரம்பு விஷயம் அவனுக்குத் தெரியவே தெரியாது. இரண்டு பேரும் பூட்டின கதவைப் பார்த்தபடியே நின்றார்கள். ஆறு மணிக்கு அட்டெண்டர் வந்து பூட்டைத் திறந்தார். உள்ளே ஆள் இல்லை. தட்டில் குறடு மட்டும், நுனி ஈரமாக. அட்டெண்டர் மேசையில் கிடந்த பெண்ணின் கையை எடுத்துப் பழையபடி துணி சுற்றினார். முதல் வாரம் இப்படித்தான் இருக்கும், போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்றார்.

அன்று சாயங்காலம் தேநீர் அவள் புறங்கையில் கொட்டியது. பக்கத்தில் இருந்தவள்தான் அலறினாள். இவளுக்குத் தெரியவே இல்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு இடம், கிள்ளினாலும் உணர்ச்சி இல்லை. அது எந்த நரம்பின் இடம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அதையும் மறைத்துவிட்டாள்.

மேசையில் கிடந்த கையின் துணியை அதற்கப்புறம் இரண்டு பேரும் அவிழ்க்கவே இல்லை. மாதக் கடைசியில் தேர்வு. பேராசிரியை நேராக அவர்கள் மேசைக்கு வந்து, அவளைப் பார்த்து, புறங்கை நரம்பைக் காட்டு என்றார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டே துணியை அவிழ்த்தாள்.

நரம்பு இருந்தது. மணிக்கட்டிலிருந்து விரல் வரை, அறுபடாமல், ஒரு பொட்டுக் கொழுப்பில்லாமல். பேராசிரியை குனிந்து பார்த்தார். பக்கத்து மேசைக்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். முதல் வருஷத்தில் யாரும் இவ்வளவு சுத்தமாக எடுத்ததில்லை என்றார். முழு மதிப்பெண். டாக்டரம்மா மட்டும் தலையை நிமிர்த்தவில்லை. ஃபார்மலினில் ஊறி அந்த நரம்பு முழுக்கப் பழுப்பாக இருந்தது. நடுவில் இரண்டு அங்குலம் மட்டும் வெள்ளையாக, பளபளவென்று, புதுசாக...

இடம் போகவில்லை. படிப்பையும் முடித்தாள். புறங்கை மட்டும் மரத்தது மரத்ததுதான். போன வருஷம் மனசு கேட்காமல் ஒரு நரம்பு டாக்டரிடம் போனாள். அவர் ஸ்கேன் கருவியைக் கையில் வைத்து ஓட்டிப் பார்த்தார். திரும்ப ஓட்டினார். தழும்பு இருக்கிறதா என்று விளக்கைக் கிட்டே கொண்டுவந்து தேடினார். ஒரு கீறல்கூட இல்லை. இந்தக் கையில் எப்போது அறுவை சிகிச்சை நடந்தது என்று கேட்டார். நடக்கவே இல்லை என்றாள் இவள்.

அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"ரெண்டு அங்குலம் நரம்பே இல்லம்மா. ரெண்டு முனையும் பாருங்க. யார் எடுத்தாங்களோ தெரியல... ரொம்பப் பொறுமையா, ரொம்ப சுத்தமா எடுத்திருக்காங்க."