நூல் கட்டிய முனை

காவல் நிலையத்தின் உள் அறையில் காலை பத்தரை மணிக்குப் பதிவு செய்யப்பட்ட சாட்சி வாக்குமூலம்.

என் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி முதல் தாளில் எழுதிக்கொள்ளப்பட்டது. அந்தப் பெயரைச் சொல்லி ஆஸ்பத்திரியில் விசாரித்தால் யாருக்கும் தெரியாது. ரேடியோ என்று கேட்டால் வாட்ச்மேன் முதல் பெரிய டாக்டர் வரை கை காட்டுவார்கள். வாய் ஓயாததால் வந்த பெயர். வயது ஐம்பத்திரண்டு. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஊழியர் குடியிருப்பில், மாடிப்படிக்கு அடியில் உள்ள வீட்டில் மனைவியுடன் வசித்து வருகிறேன். அறுவை அரங்கில் இருபத்து நான்கு வருடமாக உதவியாளர். நோயாளியைத் தள்ளிக்கொண்டு போவதும், திரும்பத் தள்ளிக்கொண்டு வருவதும், வெட்டி எடுத்த சதையை மருந்துத் தண்ணீர் ஊற்றிய டப்பாவில் வாங்கி ஆய்வகத்தில் ஒப்படைப்பதும் என் வேலை. பேசுவது என் வேலை இல்லை. அதை நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

இந்த வழக்கில் இறந்துபோனவர் என் தங்கையின் கணவர். புகார் கொடுத்தவள் என் தங்கை. புகாருக்கு உள்ளானவர் அறுவை செய்த டாக்டர். அவர் உயரம் குறைவு. மரப்பலகை ஒன்றின் மேல் ஏறி நின்றுதான் அறுவை செய்வார். அதனால் அவரைச் சின்ன டாக்டரம்மா என்போம். டப்பாவை வாங்கினேன், கொடுத்தேன் என்று இரண்டு வரி சொன்னால் போதும் என்றுதான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு வரியில் முடியாது என்று உட்கார்ந்தவுடனே சொன்னேன். எழுதுகிற ஐயா இன்னும் நாலு தாள் எடுத்துவைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளைக்கு, அதாவது தங்கை கணவருக்கு, சாலையில் வெள்ளைக்கோடு போடும் வேலை. இருபத்தைந்து வருட வெயில். தொப்பி கொடுத்தால் பெயின்ட் வாளியை மூட வைத்துக்கொள்வார். மூன்று வருடத்துக்கு முன்பு அவருடைய இடது கண்ணுக்கும் காதுக்கும் நடுவே பொட்டு அளவில் ஒரு பொருக்கு வந்தது. உதிர்ந்தது, திரும்ப வந்தது. பெயின்ட் தெறித்ததைக் கழுவாத ஆள் என்று ஒரு வருடம் கேலி செய்தேன். அதன் பிறகு அது தலையணையில் ரத்தமாக ஒட்டவே, தங்கை அவரை இழுத்துக்கொண்டு வந்தாள். கிள்ளி எடுத்துச் சோதித்ததில் தோல் புற்றுநோய் என்று வந்தது.

அதன் பிறகு சின்ன டாக்டரம்மா எங்கள் மூவரையும் தம் அறையில் உட்காரவைத்து, எடுப்பதற்கு மூன்று வழி இருப்பதாகத் தாளில் படம் போட்டுக் காட்டினார். ஒன்று, சுரண்டி எடுத்து அடியில் சூடு வைப்பது. அது மேலோட்டமான புண்ணுக்குத்தான் சரி, இதற்கு ஆகாது என்றார். இரண்டாவது, சுற்றிலும் நல்ல தோலையும் கொஞ்சம் சேர்த்து வெட்டித் தைப்பது. வெட்டியதைச் சோதித்து முடிவு வரப் பத்து நாள் ஆகும், ஓரத்தில் மிச்சம் இருந்தால் மறுபடி வெட்ட வேண்டும். மூன்றாவது, மெல்லிய அடுக்காக எடுத்து, நோயாளி காத்திருக்கும்போதே ஒவ்வொரு அடுக்கையும் நுண்ணோக்கியில் பார்த்து, சுத்தமாகும் வரை மேலும் எடுப்பது. அது வேறு ஊரில் உள்ள பெரிய ஆஸ்பத்திரியில்தான் உண்டு, ஆறு வாரம் காத்திருக்க வேண்டும்.

“கண்ணுக்குப் பக்கத்துல இருக்கு. எங்க வீட்டு ஆளா இருந்தா நான் மூணாவதுக்குத்தான் அனுப்புவேன்” என்று டாக்டரம்மா சொன்னார். இதைத் தயவுசெய்து அடிக்கோடிட்டு எழுதவும்.

வெளியே வந்ததும் மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். வெங்காயம் உரிக்கிற மாதிரி அடுக்கடுக்காக உரிப்பார்கள் என்று விளக்கினேன். “வெங்காயத்தை உரிச்சா கடைசியில என்ன மச்சான் மிஞ்சும்? கோடு நேரா தைக்கச் சொல்லுங்க, அது போதும்” என்றார். இங்கே நான் இருக்கிறேன், டப்பா என் கையில்தான் போகும், அங்கே யாரைத் தெரியும் என்று நான் சொன்னேன். தங்கை மூன்றாவது வழியைப் பற்றி இன்னொரு தடவை கேட்கலாமா என்றாள். “நீ சும்மா இரு” என்றேன். இரண்டாவது வழி என்று முடிவானது.

அதன் பிறகு அறுவை நடந்தது. வெட்டி எடுத்த துண்டு கண் வடிவில், கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. அதன் ஒரு முனையில் டாக்டரம்மா கறுப்பு நூலால் ஒரு தையல் போட்டு வாலை நீளமாக விட்டார். நூல் கட்டிய முனை மேல் பக்கம், அதாவது நெற்றிப் பக்கம் என்று சீட்டில் எழுதினார். தோலை வெட்டி எடுத்துவிட்டால் அதற்குத் தலையும் தெரியாது காலும் தெரியாது. அந்த நூல் ஒன்றுதான் திசை. இது எனக்குத் தெரியும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான்.

டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது தங்கை நடைபாதையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். எதிரே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் என்னை எதுவும் கேட்கவில்லை. காட்டு என்றும் சொல்லவில்லை. அவளைச் சிரிக்கவைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. மூடியைத் திறந்தேன். நூலைப் பிடித்துத் துண்டைத் தூக்கி, தூண்டிலில் ஆட்டுவது மாதிரி ஆட்டி, “பாரு, மீன் மாட்டிக்கிச்சு” என்றேன். அவள் கண்ணைத் திறந்தாள். “சீ, கருமம். இத்துனூண்டுக்கா அண்ணே ஊரைக் கூட்டினீங்க” என்று சிரித்தாள். நல்லாவே சிரித்தாள். அப்போது துண்டு டப்பாவுக்குள் விழுந்தது. நூல் என் விரலில் இருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

அதன் பிறகு துணி மாற்றும் அறைக்குள் போனேன். இரண்டு முனையும் ஒன்று போலவே இருந்தன. திரும்பப் போய் டாக்டரம்மாவிடம் சொன்னால் அவரே பார்த்துச் சொல்லியிருப்பார். காயத்தை அப்போதும் தைத்துக்கொண்டுதான் இருந்தார்கள், இருபது அடி தூரம். என்னை எல்லோர் முன்னாலும் திட்டியிருப்பார், அவ்வளவுதான். இருபத்து நான்கு வருடத்தில் ஒரு டப்பாவைக்கூடத் தவறவிடாதவன் என்று நானே பரப்பிவைத்திருந்தேன். அங்கே கிழிந்த துணி தைக்க வைத்திருந்த பெட்டியில் ஊசி எடுத்து, இதுதான் என்று தோன்றிய முனையில் நூலைத் தைத்தேன். அதன் பிறகு ஆய்வகத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன்.

பத்தாம் நாள் முடிவு வந்தது. கீழ் ஓரத்தில் நோய் மிச்சம், மேல் ஓரம் சுத்தம் என்று இருந்தது. அதன் பிறகு டாக்டரம்மா கீழ்ப் பக்கம் மேலும் வெட்டினார். அந்தத் துண்டையும் நான்தான் கொண்டுபோனேன், மூடியைத் தொடவில்லை. அதில் நோய் துளிகூட இல்லை என்று வந்தது. தங்கை நிம்மதியானாள். டாக்டரம்மா மட்டும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, “முதல் டப்பா கொண்டு போறப்ப வழியில ஒண்ணும் ஆகலையே?” என்று கேட்டார். “நான் என்ன நேத்து வந்தவனா டாக்டர்?” என்றேன். சிரித்துவிட்டுப் பலகை மேல் ஏறி அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்.

எட்டு மாதம் கழித்துத் தழும்புக்கு மேலே, நெற்றிப் பக்கம், தோலுக்கு அடியில் கட்டி வந்தது. வேறு ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அடுக்கு எடுக்கிற நிலைமை தாண்டி எலும்பைத் தொட்டுவிட்டது என்றார்கள். இடது கண்ணை எடுத்தார்கள். “ஒத்தக் கண்ணால பார்த்தாத்தான் மச்சான் கோடு நேரா இருக்கான்னு தெரியும். இனி ஒரு கண்ணை மூடுற வேலை மிச்சம்” என்று மாப்பிள்ளை சொன்னார். அதன் பிறகு கழுத்தில் நெறிகட்டியது. கடைசி வாரம் அவரிடம் சொல்லிவிடத்தான் போனேன். பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்தேன். வாட்ச்மேன் பல்செட்டைத் தொலைத்த கதை வந்தது. அவர் சிரித்ததில் கண் கட்டு நகர்ந்தது. அதைச் சரி செய்துவிட்டு வந்தேன். நாலு நாளில் இறந்துவிட்டார்.

மேல் ஓரத்தில் விட்ட நோய்தான் வளர்ந்திருக்கிறது, அதற்கு நேர் எதிர்ப் பக்கத்தில் வெட்டியிருக்கிறார்கள் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லவே, தங்கை புகார் எழுதினாள். எழுதும்போது நான் பக்கத்தில் இருந்தேன். “சரியா இருக்கா அண்ணே?” என்று நீட்டினாள். அறுவை நடந்த தேதி ஒரு நாள் பிசகியிருந்தது, அதைத் திருத்திக்கொடுத்தேன். வேறு எதையும் திருத்தவில்லை. இப்போது டாக்டரம்மாவை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். அரங்கைத் துடைக்கும்போது அவருடைய பலகையைத் தினமும் ஓரமாக எடுத்துவைத்து, துடைத்து முடித்தபின் பழைய இடத்தில் போடுகிறேன்.

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று ஐயா கேட்டார். வேலை போய்விடும் என்ற பயம் ஒரு காரணம். தங்கைக்குத் தெரிந்தால் தான் சிரித்ததை நினைத்துக்கொள்வாள் என்பது இன்னொன்று. இரண்டாவது காரணத்தைச் சொன்னால் நான் நல்லவன் மாதிரி தெரிகிறேன். முதல் காரணத்தையே பெரிதாக எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

எழுதியதை ஐயா படித்துக்காட்டினார். ஒரு திருத்தம் சொன்னேன். நூல் “தவறுதலாக” அவிழ்ந்தது என்று எழுதியிருந்தார். அந்தச் சொல்லை அடிக்கச் சொன்னேன். அடித்த இடத்தில் சுருக்கொப்பம் வைத்தேன்.

தங்கை வெளியே பெஞ்சில் என் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் டாக்டரம்மாவுக்கு எதிராகச் சாட்சி சொல்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். இதை வேறு யாரும் அவளுக்குப் படித்துக்காட்டும் முன்பு நானே போய்ச் சொல்ல ஐந்து நிமிடம் வேண்டும் என்று கேட்டேன். ஐயா சம்மதித்தார்.

மேலே உள்ளவை யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நான் சொன்னவை, சொன்னபடியே நடந்தவை, இதில் வேடிக்கைக்காகச் சேர்த்தது எதுவும் இல்லை. கையெழுத்தின் கீழே அழைக்கும் பெயரையும் எழுதலாமா என்று ஐயா கேட்டார். வேண்டாம் என்றேன்.

(ஒப்பம்)