என் இலக்கத்தில் இன்னொருவன்

எனக்குக் குளிர் பிடிக்கும், ஐயா. வெள்ளவத்தையில் பஸ் ஏறிக் கோட்டையில் இறங்கும்போது சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டிருக்கும். அலுவலகத்தின் பெரிய கணினிகளைக் குளிரூட்டி வைத்திருக்கும் சேர்வர் அறைக்குள் போய்ச் சற்றுநேரம் நின்றால் திரும்பவும் மனிதனாகிவிடுவேன்.

அந்தக் கப்பல் கம்பனியின் கணினி வலையமைப்பு என் பொறுப்பில் இருந்தது. ஒவ்வொரு கணினிக்கும் ஓர் இலக்கம் உண்டு. நான் அனுமதித்த இலக்கம் உள்ளே வரலாம். மற்றவர்கள் வயரைச் செருகினாலும் சுவரில் செருகியது போலத்தான். யுத்தகாலம். எந்தக் கப்பல் எப்போது வருகிறது என்ற விபரமெல்லாம் எங்களிடம் இருந்தது. ஒரு தமிழனை நம்பித்தான் அதைத் தந்திருந்தார்கள். அந்த நம்பிக்கையை நான் காப்பாற்றினேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வின்சன்ற் கணக்குப் பகுதியில் இருந்தவன். வத்தளைப் பக்கம். நல்ல பிள்ளை. மனைவி றோஸி பிரசவத்துக்கு யாழ்ப்பாணம் போயிருந்தபோது சண்டை மூண்டு பாதை பூட்டப்பட்டது. அங்கேயே மகள் பிறந்தாள். றோஸி படம் அனுப்புவாள். அலுவலகக் கணினியில் அதைப் பார்க்க முடியாது. அதனால் தன் சொந்த லாப்டொப்பைக் கொண்டுவந்து செருகினான். நான் துண்டித்தேன். அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

அவன் கெட்டிக்காரன். என் கணினியின் இலக்கத்தைக் களவாக எடுத்துத் தன் லாப்டொப்புக்குப் போட்டுக்கொண்டான். நான் வேலை முடிந்து போன பிறகு, வலையமைப்பு அவனை நான் என்று நினைத்து உள்ளே விட்டது. யாழ்ப்பாணத்துக்குப் போன செய்திகளும் அங்கிருந்து வந்த படங்களும் இராஜநாயகம் என்ற என் பெயரில் பதிவாகியிருந்தன. இதைவிடச் சின்னக் காரியங்களுக்குக் கொட்டாஞ்சேனையில் ஆட்களை வெள்ளை வான் வண்டியில் ஏற்றிக் கடத்திக்கொண்டிருந்த நாட்கள். உங்களுக்குத் தெரியாததா?

பௌர்ணமிக்கு அலுவலகம் பூட்டியிருக்கும் ஒரு போயா விடுமுறையன்று அவனை வரச் சொன்னேன். "உம்மட லாப்டொப்பை முறைப்படி சேர்த்துவிடுறன்" என்றேன்.

"மெய்யாவோ அண்ணை? பிள்ளையை நான் இன்னும் கையில தூக்கேல்லை. படத்திலதான் வளருறாள்."

கதவு திறக்கும் என் அனுமதி அட்டையால் சேர்வர் அறையைத் திறந்து அவனை உட்கார வைத்தேன். "இரும், தண்ணி குடிச்சிட்டு வாறன்" என்று வெளியே வந்தேன். அந்தக் கதவை உள்ளேயிருந்து திறப்பதற்கும் அட்டை வேண்டும். அவனுடைய அட்டைக்கு அங்கே அனுமதி கிடையாது. பிறகு, வெளிச்சுவரில் இருந்த, தீயை அணைக்கும் வாயுவின் பிடியை இழுத்தேன். அறையிலுள்ள காற்றைத் தள்ளிவிட்டுத் தான் நிரம்புகிற வாயு அது.

கதவில் சிறிய கண்ணாடி ஒன்று உண்டு. முதலில் கையால் தட்டினான். பிறகு கதிரையால் அடித்தான். கடைசியில் நெற்றியால் இடித்தான். கண்ணாடி உடையவில்லை, நான் பார்த்து வாங்கியது. இரத்தம் பூசிக்கொண்டதால் முகம் சரியாகத் தெரியவில்லை. "அண்ணை" என்று உதடு அசைந்தது மட்டும் விளங்கியது. எனக்கு அவன்மீது கோபம் எதுவும் இருக்கவில்லை. கதவைத் திறந்திருக்கலாமே என்கிறீர்கள். அனுமதி இல்லாதவருக்குத் திறக்கும் வழக்கம் எனக்கில்லை.

உடலைக் கணினிப் பெட்டியொன்றில் மடித்து வைத்து, கம்பனி வானில் மட்டக்குளிக்குக் கொண்டுபோய் ஆற்றில் விட்டேன். மடிக்கும்போது தோள் எலும்பு ஒன்று முறிந்தது. சோதனைச் சாவடியில் பாஸைக் காட்டினேன், போகச் சொன்னார்கள். அவனைக் கடத்திவிட்டார்கள் என்று அலுவலகத்தில் தாங்களே முடிவு செய்து, பயத்தில் யாரிடமும் விசாரிக்காமல் இருந்துவிட்டார்கள்.

லாப்டொப் திறந்தபடியே கிடந்தது. "இருக்கிறீங்களோ?" என்று றோஸி எழுதியிருந்தாள். பதில் வராவிட்டால் அந்தப் பெண் என்ன பாடு பட்டிருப்பாள்? "ஓம், இருக்கிறன்" என்று எழுதினேன். அந்த லாப்டொப்புக்கு முறையான அனுமதியும் கொடுத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் எழுதிவருகிறேன். பிள்ளைக்குப் பல் முளைத்த படம் வந்தது. இப்போது அப்பா என்று சொல்லத் தொடங்கிவிட்டாளாம்.

அன்றைக்கு அந்தக் கதவை என் அட்டை மட்டுமே திறந்திருக்கிறது என்று கண்டுபிடித்து நேற்று வந்தீர்கள். சரிதான், நான்தான் கொன்றேன். ஆனால் லாப்டொப்பையும் எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். கொஞ்ச நேரத்துக்காவது அதைத் தாருங்கள், ஐயா. அவள் தகப்பன் இல்லாத பிள்ளையாக வளரக்கூடாது.